கிதாருக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தையும் வையுங்கள்

கிளீவ்லாந்தில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தை நடத்துபவர்களுக்கு,

வணக்கம்.

1993 ஜனவரி 12 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நீங்கள் நடத்திய விழாவை முன்வைத்து இந்த மடலை எழுதுகிறேன். அன்று கிரீம் என்ற ராக் குழுவின் மூவரும், பிரிந்து 24 ஆண்டுகள் கழித்து, ஒரே மேடையில் வாசித்தார்கள். அதே இரவில்தான் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழுவையும் உங்கள் பட்டியலில் சேர்த்தீர்கள். ஆனால் அந்தக் குழுவின் பாடல்களை அதன் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி பாடியபோது அவர் பக்கத்தில் நின்றவர்கள் குழுவைச் சேராத புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் ராபி ராபர்ட்சனும். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வாசித்த ஸ்டூ குக்கும் டக் கிளிஃபோர்டும் அதே அரங்கில்தான் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது என்று ஜான் மறுத்துவிட்டார். அவருடைய அண்ணன் டாம் இறந்து அப்போது இரண்டு வருஷம் கடந்திருந்தது.

அந்த இரவைப் பற்றிப் பேசும் எல்லோரும் அதைத் தலைக்கனம் என்றே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தக் குழுவின் கதை ஒரு காகிதத்தின் கதை. ஒரு இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம். நீங்கள் இவர்களைப் பற்றி அடுத்த முறை ஒரு கண்காட்சி வைக்கும்போது, கிதாருக்குப் பக்கத்தில், அதே கண்ணாடிப் பேழைக்குள், அந்தக் காகிதத்தையும் வைக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இவர்கள் வளர்ந்த ஊர் கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய சின்ன ஊர். ஜான், ஸ்டூ, டக் மூவரும் 1945-இல் பிறந்தவர்கள். டக்கும் ஸ்டூவும் ஒரே ஒரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். போர்ட்டோலா ஜூனியர் ஹைஸ்கூலில் ஒன்றாகப் படிக்கும்போது, 1959-இல், புளூ வெல்வெட்ஸ் என்று ஒரு சின்னக் குழு தொடங்கினார்கள். ஜானைவிட மூன்றரை வயது மூத்த டாம் அப்போதே பாடகராகப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தார். தம்பியும் தம்பியின் நண்பர்களும் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். முதல் தட்டுகளில் டாமி ஃபோகர்ட்டி அண்ட் தி புளூ வெல்வெட்ஸ் என்றே போட்டிருந்தது.

1964-இல் ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸில் சேர்ந்தார்கள். அது ஜாஸ் தட்டுகள் போட்டுவந்த சின்ன நிறுவனம். முதல் தட்டு அச்சாகி வந்தபோது பையன்களுக்கு அதிர்ச்சி. அவர்களைக் கேட்காமலேயே குழுவின் பெயரை கோலிவாக்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். கறுப்பின மக்களைக் கேலி செய்யும் ஒரு பொம்மையின் பெயர் அது. பிடிக்காவிட்டாலும் அந்தப் பெயரைச் சில வருஷம் சுமந்தார்கள். பெயரைக்கூடத் தாங்களே வைத்துக்கொள்ள முடியாத இடத்தில்தான் இவர்களுடைய தொழில் தொடங்கியது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே முன்னோட்டம் என்று நான் நினைக்கிறேன்.

1967-இல் சால் ஸான்ட்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார். குழுவுக்கும் புதுப் பெயர் கிடைத்தது. டாமின் நண்பர் ஒருவரின் பெயரிலிருந்து கிரீடன்ஸ், ஒரு பீர் விளம்பரத்திலிருந்து கிளியர்வாட்டர், தங்களுக்கு மறுபிறவி வேண்டும் என்ற ஆசையில் ரிவைவல். புது முதலாளியோடு புது ஒப்பந்தம் போட்டார்கள். பாடல்களின் உரிமை நிறுவனத்துக்கு. வருஷத்துக்கு இத்தனை பாடல்கள் பதிவு செய்து தந்தாக வேண்டும். தராவிட்டால் பாக்கி அடுத்த வருஷக் கணக்கில் ஏறும். இருபதுகளில் இருந்த பிள்ளைகள், பல வருஷம் கிடைக்காத வாய்ப்பு கைக்கு வந்துவிட்டதென்று கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் வந்த வேகத்தை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள். 1970-இல் இன்னும் இரண்டு. டக்கின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தினமும் ஒத்திகை. வேலைக்குப் போவதுபோல் போனதால் அதை ஃபாக்டரி என்றே அழைத்தார்கள். டக்கின் செல்லப்பெயர் காஸ்மோ என்பதால் ஒரு ஆல்பத்துக்கு காஸ்மோஸ் ஃபாக்டரி என்றே பெயர் வைத்தார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள், லூசியானாவின் சதுப்பு நிலத்துக்காரர்கள் மாதிரி பாடினார்கள். இரண்டு, மூன்று நிமிஷத்தில் முடியும் பாடல்கள். அமெரிக்காவின் பில்போர்டு தனிப்பாடல் பட்டியலில் ஐந்து முறை இரண்டாம் இடம் வரை போனார்கள், முதலிடம் ஒருமுறைகூட இல்லை. 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவில் இவர்கள் முறை வந்தபோது நள்ளிரவு தாண்டி, கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அந்தப் பதிவு முழு ஆல்பமாக வெளிவரவே 2019 ஆகிவிட்டது.

இந்தக் குழுவின் ஒரு பாடலை மட்டும் நின்று பேச வேண்டும். ஹாவ் யூ எவர் சீன் தி ரெய்ன். பள்ளியில் படிக்கும்போது என் அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் முதலில் கேட்டேன். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. வெயில் அடிக்கும்போதே மழை பெய்வதைப் பார்த்திருக்கிறாயா என்று ஒருவன் கேட்கிறான் என்பது மட்டும் விளங்கியது. எங்கள் ஊரில் வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று சொல்லிப் பிள்ளைகள் தெருவில் குதிப்போம். அதனால் அதை ஒரு சந்தோஷப் பாட்டு என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அந்தப் பாட்டில் வரும் மழை எதைச் சொல்கிறது என்று ஜானே பின்னால் சொல்லியிருக்கிறார். குழு உச்சத்தில் இருந்தது, பணமும் புகழும் வெயில்போல் அடித்தன, உள்ளே நால்வரும் உடைந்துகொண்டிருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கேட்டபோது, அவர் குரல் ஏறும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. தட்டு கடைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே டாம் குழுவை விட்டுப் போய்விட்டார். பின்னால் நின்று வாசித்த தம்பி முன்னால் வந்துவிட, அண்ணனுக்கு ரிதம் கிதார் மட்டுமே மிஞ்சியிருந்தது.

தவறு எல்லாமே நிறுவனத்தின் மேல் என்று நான் சொல்லவில்லை. எழுதுவது, பாடுவது, தயாரிப்பது, கணக்கு வழக்குப் பேசுவது எல்லாவற்றையும் ஜான் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார். மற்றவர்கள் பங்கு கேட்டபோது, சரி, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு நீங்களே எழுதுங்கள், நீங்களே பாடுங்கள் என்று 1972-இல் ஒரு ஆல்பம் வந்தது. அது எடுபடவில்லை. அந்த அக்டோபரில் குழு கலைந்தது. பஹாமாஸ் வங்கி ஒன்றில் நால்வரும் போட்ட சேமிப்பு அந்த வங்கியோடு மூழ்கியது.

குழு கலைந்தாலும் காகிதம் கலையவில்லை. ஜான் தனியாளாக ஃபேன்டஸிக்கு இன்னும் பல ஆல்பங்கள் கடன்பட்டிருந்தார். அதிலிருந்து வெளியே வர 1980-இல் அவர் கொடுத்த விலை, கிரீடன்ஸ் பாடல்களிலிருந்து தனக்கு வரவேண்டிய ராயல்டி. சொந்த நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனவரின் நிலைமை அவருக்கு. பல வருஷம் அந்தப் பாடல்களை மேடையில் பாடவே மறுத்தார். ஒவ்வொரு முறை பாடும்போதும் காசு அடுத்தவருக்குப் போகும் என்பது ஒருபக்கம், அதைவிடப் பெரியது மனக்காயம். அந்தப் பக்கம் நிறுவனம் வளர்ந்தது. ஸான்ட்ஸ் திரைப்படத் தயாரிப்பில் இறங்கி, அவர் எடுத்த மூன்று படங்கள் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கின.

1985-இல் ஜான் புதிய ஆல்பத்தோடு திரும்பி வந்ததும் ஃபேன்டஸி அவர்மேல் வழக்குப் போட்டது. அவருடைய புதுப் பாட்டு, 1970-இல் அவரே எழுதி ஃபேன்டஸி கையில் இருக்கும் பழைய பாட்டின் நகல் என்பது குற்றச்சாட்டு. தன்னைப் போலவே தான் பாடியதற்காக ஒருவர் கூண்டில் ஏற வேண்டியிருந்தது. 1988-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டுக்கே கிதாரைக் கொண்டுபோய், இரண்டு பாடல்களையும் வாசித்து, என் கை இப்படித்தான் போகும், என் பாணி இது, இரண்டு பாட்டும் வேறு வேறு என்று ஜூரிகளுக்கு விளக்கினார். ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். செலவழித்த வக்கீல் கட்டணத்தைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். பதிப்புரிமை வழக்கில் கட்டணம் என்று வரும்போது, வழக்குப் போட்டவரையும் வழக்கில் சிக்கியவரையும் ஒரே தராசில்தான் நிறுத்த வேண்டும் என்று 1994-இல் வந்த தீர்ப்பு இன்றும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் முக்கியமான ஒன்று.

உங்கள் 1993 விழா இந்த வழக்குகளின் நடுவில் நடந்தது. பழைய நண்பர்கள் குழு விஷயத்தில் தங்களுக்கிருந்த வாக்குரிமையை ஸான்ட்ஸுக்கு விற்றுவிட்டார்கள் என்பது ஜானின் மனக்குறை. அவர்களுக்கும் சொல்ல நியாயம் இருந்தது. அவர் தங்களை மேடையேற விடாமல் ஒதுக்கியது அவர்களுக்கு ஆறாத காயம். டாமும் கடைசி வரை ஸான்ட்ஸ் பக்கமே நின்றார். முதுகு நோய்க்கான சிகிச்சையில் ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. கலந்திருந்தது. 1990 செப்டம்பரில், 48 வயதில், காசநோயில் இறந்தார். அண்ணன் தம்பி பேசாமல் இருப்பதும் சாவு வீட்டில் முகம் பார்ப்பதும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கும் புதிதல்ல. ஒரு பத்திரம் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்யும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். அண்ணனின் இறுதிச் சடங்கில் பேசிய ஜான், வளர்ந்து பெரியவர்களாகி இசைக்கலைஞர்கள் ஆக ஆசைப்பட்டோம், ராக் நட்சத்திரம் ஆனோமே தவிர வளரவில்லை என்ற பொருளில் சொன்னார்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு நல்ல நாளும் இருந்தது. 1987-இல், நீ எழுதிய ப்ரவுட் மேரியை நீ பாடாவிட்டால் அது பாடகி டீனா டர்னரின் பாட்டு என்றே உலகம் நினைக்கும் என்று பாடகர் பாப் டிலன் ஜானிடம் சொல்ல, அந்த ஜூலை 4 அன்று வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்காக வாஷிங்டன் அருகே நடந்த நிகழ்ச்சியில் பழைய பாடல்களை மறுபடி பாடினார். 2004-இல் ஃபேன்டஸியை வாங்கிய கான்கார்டு நிறுவனம் அவருடைய ராயல்டியைத் திருப்பிக் கொடுத்தது. 2023 ஜனவரியில், 77 வயதில், தன் பாடல்களின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கு அவர் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஏரிக் கரையில் உங்கள் கட்டடத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். அதில் சிலர் வீட்டுக்குப் பின்னால் நண்பர்களோடு வாசித்துக்கொண்டிருப்பவர்களாக இருப்பார்கள். கிதார் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே அந்த ஒப்பந்தமும் இருந்தால் குனிந்து நாலு வரி படிப்பார்கள். அசல் கிடைக்காவிட்டால் நகல் போதும். எந்த வரி பாடலின் உரிமையை எடுத்துக்கொண்டது, எந்த வரி பாக்கியை வளர்த்தது என்று எளிய சொற்களில் குறிப்பு எழுதி வையுங்கள். 1994 தீர்ப்பின் முதல் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள், அது பொது ஆவணம்தான். 1993 இரவில் மேடையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஸ்டூ, டக் இருவரின் தரப்பையும் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். எண்பது வயதைத் தொட்டவர்கள், இப்போதே கேட்பது நல்லது.

அப்புறம் ஒன்று. வரிசையை கிரீடன்ஸ் என்ற பெயர் வந்த பிறகு, 1968-இலிருந்து தொடங்காதீர்கள். டாமி ஃபோகர்ட்டி என்று பெயர் அச்சடித்த அந்தப் பழைய தட்டை முதலில் வையுங்கள்.

அன்புடன்,
கிரீடன்ஸ் பாடல்களை அண்ணனின் கேசட்டில் கேட்டு வளர்ந்த ஒரு ரசிகன்