அலமாரிச் சாவியைக் கொடுங்கள்: தமிழ்த்துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்த்துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை உங்கள் எல்லோருக்குமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் மூன்றாவது மாடி ஆய்வகம், மதியச் சாப்பாட்டுக்கு முன் நாற்பது நிமிடம் என்று படித்ததுமே உங்களில் ஒருவர் இது தன் துறையில் நடந்ததுதான் என்று கண்டுகொள்வார். அவர் பெயரையோ கல்லூரியின் பெயரையோ எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் "நம்மை இல்லை" என்று நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

நான் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். இரவில் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவதும் திருத்துவதும் ஒன்பது ஆண்டுப் பழக்கம். "விக்கிப்பீடியா பயிற்சிப் பட்டறை" என்று நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் போர்த்திய பொன்னாடைகள் வீட்டுப் பரணில் ஒரு பை நிறைய இருக்கின்றன. நன்றி கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்: பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்காரவைப்பதற்கு முன் நூலகத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது ஆய்வேட்டு அலமாரியைத் திறந்து வையுங்கள்.

பட்டறை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று பதினொன்றரை மணி ஆகிவிடும். மிச்சமிருக்கும் நாற்பது நிமிடத்தில் கணக்குத் தொடங்குவது, தட்டச்சு, தொகுப்பது எல்லாவற்றையும் நான் சொல்லித் தர வேண்டும். ஒரே இணைய இணைப்பின் (ஐ.பி.) முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு புதுக் கணக்குகளுக்கு மேல் விக்கிப்பீடியா அனுமதிக்காது. விலக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அதை அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். "பாத்துக்கலாம் சார்" என்றார்கள். ஏழாவது பிள்ளையோடு ஆய்வகம் நின்றுபோனது. மீதிப் பேரெல்லாம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மாடிப்படிக்குப் போனார்கள். சான்று என்றால் என்ன, எதை மேற்கோளாகக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று நான் ஆரம்பித்தபோது வாசலில் சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. "அதெல்லாம் அவங்களே கத்துக்குவாங்க சார். ஆளுக்கு ஒரு கட்டுரை, ஒரு வாரத்துல. போட்டாத்தான் சான்றிதழ்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்.

சரி, என்ன வந்தது என்று சொல்கிறேன். தாளாளரைப் பற்றி நான்கு கட்டுரைகள் வந்தன. நான்கிலும் அவர் கல்வித் தந்தை, நான்கிலும் கொடை வள்ளல், சான்று எதிலும் இல்லை. கோவில்களைப் பற்றி ஒரு டஜன் கட்டுரைகள். எல்லாக் கோவிலுக்கும் வயது சரியாக 2000 ஆண்டு. கேட்டால், வாசல் பலகையில் எழுதியிருக்கிறதாம். தலபுராணத்தை வைத்து "தலபுராணம் இப்படிச் சொல்கிறது" என்று எழுதலாம். கோவிலின் வயதைச் சொல்லக் கல்வெட்டு அறிக்கையோ வரலாற்று நூலோ வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லப் பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. ஏழெட்டுக் கட்டுரைகள் யாரோ ஒருவரின் வலைப்பதிவிலிருந்து எழுத்துப் பிழை மாறாமல் அப்படியே ஒட்டப்பட்டவை. ஒரு மாணவரின் கட்டுரையில் மட்டும் அடிக்குறிப்புகள் அழகாக இருந்தன: நூலின் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண். மகிழ்ந்துபோய்த் தேடினேன். அப்படியொரு புத்தகம்தான் உலகத்தில் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "சான்றோடு எழுதிக் கொடு" என்று கேட்டிருக்கிறார், அதுவும் தாராளமாகக் கொடுத்திருக்கிறது.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. கட்டுரை கேட்டீர்கள், கொடுத்தார்கள். 2011இல் புனேக் கல்லூரிகளில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையே முன்னின்று இப்படியொரு திட்டம் நடத்தியது. மாணவர்கள் வெட்டி ஒட்டித் தள்ளினார்கள், அதைக் கண்டுபிடித்து நீக்குவதற்குள் ஆங்கில விக்கிப்பீடியாத் தன்னார்வலர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் நாம் அதே பந்தியில் அதே சோற்றைப் பரிமாறிக்கொண்டிருக்கிறோம்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பட்டறை முடிந்த மூன்றாம் நாள் இரவு, புதுக் கட்டுரைகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யாறு பக்கத்தில் ஒரு சிற்றூரின் கூத்து ஜமாவை, அதாவது கூத்தாடும் குழுவைப் பற்றி ஒரு கட்டுரை. திரௌபதியம்மன் கோவில் திருவிழாவில் எத்தனை இரவு ஆடுவார்கள், படுகளத்தன்று காலையில் என்ன நடக்கும், துகிலுரிதலன்று வேடக்காரர் எதை உண்ணாமல் இருப்பார், கட்டை வேடத்துக்கான மர அணிகளை எந்த மரத்தில் செய்வார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது. எழுத்தில் உயிர் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் "என் தாத்தா" என்று வந்தது. சான்று ஒன்றுகூட இல்லை. பயனர் பெயர் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருந்தது. கட்டுரையை நீக்கலாம் என்று குறிக்கும் நீக்கல் வார்ப்புருவை இட்டேன். காரணம் என்ற இடத்தில் "சான்றில்லை, குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை" (தனிக் கட்டுரைக்குரிய தகுதியைத்தான் அப்படிச் சொல்வோம்) என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் நிர்வாகி ஒருவர் கட்டுரையை நீக்கிவிட்டார். விதிப்படி அவர் செய்தது சரி. நான் செய்ததும் விதிப்படி சரிதான்.

அந்த வாரமே ஒரு தொலைபேசி அழைப்பு. பட்டறையன்று வெண்பலகையில் என் எண்ணை எழுதிவைத்திருந்தேன், அதைப் பார்த்து ஓர் இரண்டாமாண்டு மாணவி கூப்பிட்டாள். கட்டுரையை எடுக்கச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரௌபதி வேடம் கட்டியவராம், இப்போது படுத்த படுக்கை. கட்டுரையைக் கைப்பேசியில் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் சித்தப்பாவுக்குக் காட்டத் திறந்தால் பக்கம் இல்லை. அழுதுகொண்டெல்லாம் பேசவில்லை, நிதானமாகத்தான் கேட்டாள்:

"எங்க தாத்தா கூத்தாடுனதுக்கு நான் யாருகிட்ட போயி ஆதாரம் வாங்கிட்டு வரணும் சார்?"

ஒன்பது ஆண்டு அனுபவத்தில் மனப்பாடமாக வைத்திருக்கும் பதிலைச் சொன்னேன். பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதுவது ஆய்வும்மா, ஆய்வை முதன்முதலாக வெளியிடும் இடம் விக்கிப்பீடியா இல்லை, வேறெங்கோ நம்பத்தக்க விதத்தில் வெளிவந்ததைத் தொகுத்துச் சொல்லும் இடம் அது, படிக்கிற ஒருவர் "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் போய்ப் பார்த்துக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்றேன். சொல்லி முடித்த பிறகு, நீக்கல் வார்ப்புருவை இட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள்.

ஐயா, அம்மா, அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். நாற்பது நிமிடத்தில் சொல்லியிருக்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. புதியவர்களிடம் நாங்கள் பேசுவதை விட்டுவிட்டோம், வார்ப்புரு இடுவதோடு சரி. உதவி கேட்க ஒத்தாசைப் பக்கம், எழுதிப் பழக மணல்தொட்டி, கூடிப் பேச ஆலமரத்தடி என்று பெயரெல்லாம் குளிர்ச்சியாக வைத்திருக்கிறோம். வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இன்னொன்று, இந்த விதியே ஒரு பக்கம் சாய்ந்ததுதான். அச்சில் ஏறியவர்களுக்கு அடிக்குறிப்பு தானாக வந்து சேரும், தெருவில் விடிய விடிய ஆடியவர்களுக்கு வராது. 2011வாக்கில் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சில மொழிகளில், வாய்மொழித் தகவலைப் பதிவுசெய்து சான்றாக வைக்கலாமா என்று ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். விதி அசையவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் விதி எதற்கு வந்தது என்றும் தெரியும். 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலருக்குக் கென்னடி கொலையில் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ எழுதிவைத்த பொய், நான்கு மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் கேட்பாரற்றுக் கிடந்தது. 2008இல் ஒரு மாணவர் விளையாட்டாகக் கோட்டி என்ற விலங்குக்கு ஒரு பட்டப்பெயரை எழுதிவைத்தார். அதைப் பார்த்துப் பத்திரிகைகள் எழுத, பிறகு அந்தப் பத்திரிகைகளே சான்றாகி அடிக்குறிப்பில் வந்து உட்கார்ந்துகொண்டன. சான்று கேட்காவிட்டால் தாளாளர் கட்டுரையும் அப்படித்தான் நாளைக்கு வரலாறாகும்.

இதைத் தமிழ்த்துறைக்கா நான் விளக்க வேண்டும்? தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது நமக்கு எப்படித் தெரியும்? நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையில் எடுத்துக்காட்டிய பாட்டுகளும் புறத்திரட்டில் சேர்ந்த பாட்டுகளும்தான் மிச்சம், மூலம் கிடைக்கவில்லை. மேற்கோள் காட்டினார்கள், அதனால் பிழைத்தது. உ.வே.சா. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த நாளிலிருந்து ஏடு யாரிடமிருந்து வந்தது, எதில் எந்தப் பாடம் என்று எழுதிவைத்தாரே, அது வேறென்ன? இதை வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்கிறீர்கள். அதே பிள்ளை தன் ஊரைப் பற்றி எழுதும்போது மட்டும் "அதெல்லாம் அவங்களே கத்துக்குவாங்க".

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஜமாவுக்குச் சான்று தேடி அவளும் நானும் கிளம்பினோம். சான்று இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்று எல்லாப் புதியவர்களையும் போல அவளும் நினைத்திருந்தாள். இல்லை, அச்சுப் புத்தகம் போதும், பழைய நாளிதழ் போதும், எந்த மொழியில் இருந்தாலும் சரி, இன்னொருவர் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்றேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடினோம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் ஷோத்கங்காவில் தேடினோம், பழைய தட்டச்சு ஆய்வேடுகள் பல அதில் ஏறவேயில்லை. கடைசியில் அவள் தன் கல்லூரி நூலகத்தின் வரவுப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறாள். அதில் ஒரு வரி: செய்யாறு வட்டாரக் கூத்து ஜமாக்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு, 1990களில் அந்தத் துறையிலேயே செய்தது. எதிரே "துறைக்கு அனுப்பப்பட்டது" என்று குறிப்பு.

துறையில் கண்ணாடி அலமாரி. உள்ளே சிவப்புக் காலிகோ அட்டை போட்ட ஆய்வேடுகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகில் இருக்கும் பொன்னெழுத்தை அவள் படித்திருக்கிறாள். பூட்டு தொங்குகிறது. சாவி துறைத் தலைவரிடம், அவர் விடைத்தாள் திருத்தும் முகாமில். முகாம் முடிந்து வந்த பிறகு கேட்டால், "இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஆய்வேடு கொடுக்கிற வழக்கமில்லை." வெளியே எடுத்துப்போக வேண்டாம், இங்கேயே உட்கார்ந்து நான்கு பக்கம் பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம். கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகைக்காக அடுக்கிவைத்திருக்கிறார்களாம், கலைந்துவிடுமாம்.

அதாவது, அவளிடம் சான்று கேட்டது நான். சான்றைப் பூட்டி வைத்திருப்பது நீங்கள். கட்டுரை போட்டால்தான் சான்றிதழ் என்றதும் நீங்கள். அந்தக் குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கையில் பட்டறைப் புகைப்படம் இருக்கும், 64 மாணவர்கள் 64 கட்டுரைகள் என்று இருக்கும், அவற்றில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது இருக்காது. ஒரு யோசனை: நீக்கப்பட்ட கட்டுரைகளையும் சட்டம் போட்டு அதே அலமாரியில் வைத்துவிடலாம், பாதுகாப்பாக இருக்கும்.

கோபத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். அடுத்த பட்டறையில் முதல் நாள் கணினி வேண்டாம், நூலகம் போதும். ஆளுக்கு ஒரு கட்டுரை வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டுரையில் "சான்று தேவை" என்று நிற்கும் ஒரே ஒரு வரிக்கு ஒரு புத்தகத்தைத் தேடி, பக்க எண்ணோடு சேர்க்கட்டும். அதற்குச் சான்றிதழ் கொடுங்கள். புதிதாக எழுதுவதை மணல்தொட்டியில் எழுதட்டும், நானோ இன்னொருவரோ பார்த்துச் சொன்ன பிறகு வெளியே வரட்டும். இதற்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் விடுப்புப் போட்டுவிட்டு வருகிறேன். பொன்னாடை வேண்டாம்.

முதல் பத்தியிலேயே தன்னை அடையாளம் கண்டுகொண்ட அந்த ஒருவருக்கு மட்டும் தனியாக: சாவி உங்கள் மேசை இழுப்பறையில் இருப்பதாக உங்கள் அலுவலக உதவியாளர் சொன்னார். நீக்கப்பட்ட கட்டுரையின் உரையை நிர்வாகியிடம் கேட்டு மீட்டு, அவளுடைய மணல்தொட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் அவளுக்கு வகுப்பு இல்லை. இரண்டு மணி நேரம் போதுமாம். தாத்தாவுக்கு உடம்பு மோசமாகிக்கொண்டு வருகிறதாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழ் விக்கிப்பீடியப் பயனர்