இரண்டு கையிலும் நாடி பார்த்தவர்களுக்கு

என் தங்கை போன வாரத்திலிருந்து மறுபடியும் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அவளுக்கு வயது 22. அவள் இடது சிறுநீரகம் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்றால் அதற்குக் காரணமானவர்கள் பலர். எல்லோர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. ஆனால் சிலர் பயிற்சி முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், சிலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்தக் கடிதம்.

முதலில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அக்காவுக்கு. அக்கா, நீங்கள் அம்மாவுக்குப் பிபி பார்க்கத்தான் வந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீயும் கையைக் காட்டு பாப்பா" என்றீர்கள். அவள் நீட்டியது வலது கை. மிஷின் 190க்கு 110 என்று காட்டியது. ஐந்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தீர்கள், அதே அளவுதான். அன்று சாயங்காலமே பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே இடது கையில் பார்த்துவிட்டு 130 தான் இருக்கிறது, அந்த மிஷின் கோளாறாக இருக்கும், இந்த வயதில் பிபி எங்கே வரப்போகிறது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் சரி என்று நீங்கள் போயிருக்கலாம். மறுநாள் காலை திரும்ப வந்தீர்கள். வலது கையில் பார்த்தீர்கள், இடது கையில் பார்த்தீர்கள், அப்புறம் அம்மாவின் இரண்டு கைகளிலும் பார்த்தீர்கள். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. தங்கைக்கு மட்டும் ஐம்பதுக்கு மேல் வித்தியாசம். "மிஷின்ல தப்பு இல்ல, புள்ள உடம்புலதான் என்னமோ இருக்கு, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி, எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தீர்கள். இரண்டு கைக்கும் பத்து புள்ளிக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தாலே அதைக் கவனிக்க வேண்டும் என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். அந்தத் தாள் இப்போதும் தங்கையின் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கிறது.

மதுரை பெரியாஸ்பத்திரியில் எங்களை முதலில் பார்த்த பயிற்சி டாக்டரம்மாவுக்கு என் தங்கையைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். டாக்டரம்மா, அன்று உங்களுக்கு எத்தனை மணி நேரமாகத் தூக்கமில்லையோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இருந்தாலும் அந்தத் தாளை நிதானமாகப் படித்தீர்கள். இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்து நாடி பார்த்தீர்கள். இடது கையில் நாடி பட்டும் படாமலும் இருந்தது. கழுத்தில், தொடையிடுக்கில், பாதத்தில் எல்லாம் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு கேள்விகள். தலை பின்னும்போது இடது கை சோர்ந்து போகிறதா? கொடியில் துணி காயப்போடும்போது கை வலித்து, கீழே இறக்கினால் சரியாகிறதா? சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வருகிறதா? எடை குறைந்ததா? மூட்டு வலி? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத பதில்கள் அவை. பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இருந்திருக்கிறது. காய்ச்சலை வெயில் என்றும், கை வலியைக் கடையில் துணிக்கட்டு தூக்குவதால் என்றும், தலைவலியைக் கம்ப்யூட்டர் பார்ப்பதால் என்றும் அவளே தனித்தனியாகக் காரணம் வைத்திருந்தாள். ஒரே இடத்தில் அவற்றைச் சேர்த்து வைத்தது உங்கள் கேள்விகள்தான்.

உங்கள் பெரிய டாக்டர் சார் வந்து, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுற்றியிருந்த மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்கச் சொன்னார். தங்கைக்குக் கூச்சமாக இருக்கும் என்று புரிந்து, ஒவ்வொரு முறையும் "கேட்கலாமா அம்மா?" என்று அவளிடம் அனுமதி கேட்டார். குறுகிய குழாய்க்குள் ரத்தம் பாயும்போது வரும் 'உஸ்ஸ்' என்ற சத்தம் அது. எங்களையும் கேட்க வைத்தார். சார், நீங்கள் செய்த அத்தனை உதவியிலும் என் மனதில் நிற்பது அந்த அனுமதி கேட்டதுதான். அரசு ஆஸ்பத்திரி வார்டில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே, அவளை ஒரு மனுஷியாக நடத்தினீர்கள்.

அன்று எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை நன்றாகவே வந்தது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினினும் 1.0 தான். கிட்னியில் ஒன்றும் இல்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டபோது சார் பொறுமையாக விளக்கினார். கிட்னிக்கு உள்ளே இருக்கும் மிக நுண்ணிய குழாய்களில் அழற்சி வந்தால் சிறுநீரில் ரத்தமும் புரதமும் போகும். கிட்னிக்கு ரத்தம் கொண்டு வரும் பெரிய தமனியில் அழற்சி வந்தால் சிறுநீர் சுத்தமாகவே இருக்கலாம். ஒரு கிட்னி சுணங்கினாலும் இன்னொன்று ஈடுகட்டுவதால் கிரியாட்டினினும் சீக்கிரம் ஏறாது. அதனால் அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றார். பொட்டாசியம் 3.0 என்று குறைவாக இருந்ததையும், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர் 84 என்று ஏறியிருந்ததையும் சிவப்புப் பேனாவால் சுழித்தார்.

ஸ்கேன் அறையில் இருந்த டாக்டரம்மாவுக்கும் நன்றி. வலது கிட்னி பத்தரை சென்டிமீட்டர், இடது எட்டு. அந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் வரிசையில் பின்னால் இருந்தவர்களிடம் நீங்களே கேட்டுக்கொண்டு, குழாய்களில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனையும் அப்போதே பார்த்துவிட்டீர்கள். அன்று முணுமுணுக்காமல் காத்திருந்த அந்த வரிசைக்கும் சேர்த்து நன்றி.

ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் எல்லாம் தெளிவானது. வயிற்றில் இறங்கும் பெருந்தமனியின் சுவர் தடித்திருந்தது. இடது கிட்னிக்குப் போகும் தமனி, தொடங்கும் இடத்திலேயே 80 சதவீதம் அடைபட்டிருந்தது. இடது கைக்குப் போகும் தமனியும் சுருங்கியிருந்தது. நோயின் பெயர் டகாயாசு.

மூட்டு, எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரம்மா, அந்தப் பெயரைக் கேட்டு நாங்கள் பயந்து போயிருந்தபோது நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னவற்றை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 1908இல் ஜப்பானில் டகாயாசு என்ற கண் டாக்டர், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் விசித்திரமாக வளையம் போட்டிருந்ததைப் பார்த்துப் பதிவு செய்தார் என்று சொன்னீர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தப் பெரிய ரத்தக்குழாய்களின் சுவரையே தாக்கும் நோய் இது, பெரும்பாலும் 40 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு வருகிறது, நம் நாட்டில் வயிற்றுப் பெருந்தமனியையும் கிட்னித் தமனிகளையும் அதிகமாகப் பிடிக்கிறது, அதனால் இங்கே பலருக்கு ரத்தக்கொதிப்பாகத்தான் முதலில் தலைகாட்டுகிறது என்றீர்கள்.

"கிட்னிக்குப் போற குழாய் சுருங்கினா பிபி ஏன் டாக்டர் ஏறணும்?" என்று அப்பா கேட்டார். அவர் விவசாயி என்று தெரிந்துகொண்டு அவருக்குப் புரியும்படி சொன்னீர்கள். மடையில் அடைப்பு இருந்தால் கடைமடைக்காரர், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. தன் வயலுக்கு வரவில்லை, இன்னும் திறந்து விடுங்கள் என்று சத்தம் போடுவார். அந்தச் சின்னக் கிட்னியும் அப்படித்தான். தனக்கு ரத்தம் குறைந்ததை உடம்பு முழுக்கக் குறைந்துவிட்டதாக எண்ணி ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதனால் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் போய்விடுகிறது. அப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் "செய்வினையா இருக்குமோ" என்று கேட்கவில்லை.

குழாயை உடனே விரிக்க வேண்டாம், அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது விரித்தால் திரும்ப அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், முதலில் அதை அடக்குவோம் என்று நீங்கள் காத்திருக்கச் சொன்னது எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. காசநோய் இருக்கிறதா என்று சோதித்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்டீராய்டைத் தொடங்கினீர்கள். முகம் உப்பும், பசி அதிகமாகும், சர்க்கரை ஏறலாம், ஆனால் ஒருநாளும் தானாக நிறுத்தக்கூடாது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், முகம் வட்டமாகிக் கண்ணாடி முன் நின்று அவள் அழுதபோதும் மாத்திரையை விடவில்லை.

வார்டு சிஸ்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டின் மேலே பெரிய எழுத்தில் 'வலது கையில் மட்டும் பிபி பார்க்கவும்' என்று எழுதி ஒட்டியவர் நீங்கள். இடது கைக்கு ரத்தம் குறைவாகப் போவதால் அங்கே வரும் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் ஆபத்து என்று ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினீர்கள். டெல்மிசார்டான், எனாலபிரில் வகை பிபி மாத்திரைகளை எந்த ஊர் டாக்டர் எழுதினாலும், கிட்னித் தமனி சுருங்கியிருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும் என்று தங்கைக்கு மனப்பாடம் செய்வித்ததும் நீங்கள்தான். இரண்டு பக்கமும் சுருக்கம் உள்ளவர்களுக்கு அவற்றால் கிட்னி சட்டென்று சுணங்கிவிடலாமாம். அவள் வலது தமனியிலும் லேசான தடிப்பு இருப்பதால் இது முக்கியம்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு மெடிக்கல் கடை அண்ணனுக்கு. எதிர்ப்புச் சக்தியை அடக்க அவளுக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அண்ணே, நீங்கள் அந்தச் சீட்டைப் பார்த்ததும் கடையில் நின்ற கூட்டத்தை நிறுத்திவிட்டு, அட்டையில் 'ஞாயிறு மட்டும்' என்று மார்க்கரில் எழுதி, ஃபோலிக் ஆசிட் அட்டையில் 'புதன்' என்று எழுதி, இரண்டையும் வெவ்வேறு கவரில் போட்டுக் கொடுத்தீர்கள். மற்ற மாத்திரைகள் இருக்கும் டப்பாவில் இதைப் போடவே கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்காத குறைதான். கல்யாணப் பேச்சு, குழந்தை என்று வந்தால் முன்னாடியே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்ற வேண்டும் என்பதையும், யாரும் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னீர்கள்.

இஎஸ்ஆரும், அதேபோல் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் இறங்கிய பிறகு, ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் கேத் லேபில், தொடைத் தமனி வழியாகப் போய் இடது கிட்னித் தமனியைப் பலூன் வைத்து விரித்தார்கள். அந்தக் குழுவில் முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்த யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. உள்ளே இருந்த நேரம் முழுக்க ஒருவர் அவளிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே இருந்தாராம். அந்தச் சகோதரருக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

காப்பீட்டு மேசையில் இருந்த தங்கச்சி, ரேஷன் கார்டில் இருந்த எழுத்துப்பிழைக்காக எங்களைத் திருப்பி அனுப்பாமல் நீங்களே போன் செய்து சரிசெய்தீர்கள். ஜவுளிக்கடை முதலாளி அண்ணாச்சி என் தங்கையின் இடத்தில் வேறு ஆளை வைக்கவில்லை. இப்போது துணிக்கட்டு தூக்காத பில் போடும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா உப்புக் குறைத்த குழம்பைத் தன் வீட்டுக்கும் அதேபோல் வைத்து, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டியவர்கள், நடுராத்திரி ஆட்டோ எடுத்து வந்த தம்பி, வார்டில் தன் பாயில் பாதியை எனக்குக் கொடுத்த விருதுநகர் அம்மா, எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

இந்த நோய் முழுதாகப் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடரும். சில சமயம் இஎஸ்ஆர் நன்றாக இருக்கும்போதே உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் இரண்டு கை நாடியையும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். போன வாரம் வலது கையில் 128க்கு 82. பிபி மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது. தன்னார்வலர் அக்கா இந்த மாதம் வரும்போது அளவுகளைக் காட்ட வேண்டும் என்று தங்கை ஃபைலை எடுத்து வைத்திருக்கிறாள்.

நன்றியுடன்,
அவளுடைய அக்கா,
உசிலம்பட்டி பக்கம்