அந்த பேட்சைப் போட்டுவிடு

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம், சின்னவள் பத்தாவது போய்விட்டாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 13-லிருந்து 17-க்கு மாறப் போகிறீர்கள், மென்பொருள் கொடுத்தவர்களோ 17.0-இல்தான் சோதித்தோம், அதற்கு மேல் பேட்ச் (17.1, 17.2 என்று வரும் பிழைத்திருத்தம்) எதுவும் போடாதீர்கள் என்கிறார்கள். போட்டுவிடு என்பதுதான் என் பதில். 17 இன்னும் ஓடவே தொடங்கவில்லை, இப்போதே கடைசி பேட்சோடு நிறுவினால் அதற்கென்று ஒரு நிமிடம்கூட சர்வரை நிறுத்த வேண்டாம். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் இன்னொரு இரவுக்கு அனுமதி கேட்டு அலைய வேண்டும், அந்த இரவு கிடைக்கவே கிடைக்காது.

நான் பட்டதைச் சொல்கிறேன். 2022-இல் முந்தைய கம்பெனியில் 14-க்கு மாறினோம். சோதித்தது 14.2 என்பதால் அதையே போட்டோம், ஜூன் 16-ஆம் தேதியே 14.4 வந்திருந்தும் தொடவில்லை. 14.0 முதல் 14.3 வரை, டேபிளைப் பூட்டாமல் கன்கரன்ட்லி என்று இண்டெக்ஸ் (சீக்கிரம் தேடுவதற்கான பட்டியல்) போட்டால் சில வரிசைகள் அதில் ஏறாமல் போகலாம், எந்த எர்ரரும் வராது. சில மாதம் கழித்து பில்லிங் பெண் வந்து, "சார், இந்த பில் லிஸ்டில் இருக்கு, நம்பர் போட்டுத் தேடினா வரமாட்டேங்குது" என்றாள். இண்டெக்ஸ் ஸ்கேனை ஆஃப் செய்துவிட்டு அதே குவரியை ஓட்டினேன், பில் வந்து நின்றது. வயிறு கலங்கிவிட்டது. பேட்ச் போட்டால் மட்டும் அது சரியாகாது, அப்படிப் போட்ட இண்டெக்ஸ்களையெல்லாம் மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

அதற்காக வந்த அன்றே போடு என்று சொல்லவில்லை. 2024 நவம்பர் 14-இல் 17.1 வந்தது, உள்ளே ஒரு டேட்டா ஸ்ட்ரக்சரின் அளவு மாறியதில் டைம்ஸ்கேல்டிபி போன்ற எக்ஸ்டென்ஷன்களுக்கு, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்ப்பவற்றுக்கு, சிக்கல், ஒரே வாரத்தில், 21-ஆம் தேதி, 17.2 வெளியிட வேண்டியதாயிற்று. பாதுகாப்பு ஓட்டை போன்ற அவசரம் இல்லையென்றால் இரண்டு வாரம் பொறுத்துப் போடு, ஆனால் 17.0-இலேயே உட்கார்ந்துவிடாதே. மென்பொருள்காரர்களிடம் ரிலீஸ் நோட்ஸைக் காட்டி, இதில் எது உங்கள் புரோகிராமை உடைக்கும் என்று கேள். 17-க்குள் பேட்ச் மாறினால் டேட்டா ஃபைல்களின் அமைப்பு மாறாது, புதிய பைனரியை (புரோகிராம் ஃபைல்களை) வைத்து ரீஸ்டார்ட் செய்வதுதான் வேலை.

நான் பயப்படுவது பேட்சைப் பற்றியல்ல, டேட்டா ஃபைல்களை நகலெடுக்காமல் பழையதையே பயன்படுத்தும் லிங்க் முறையில், பதிப்பு மாற்றும் கருவியான பிஜி அப்கிரேடு ஓட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான். அந்த முறையில் புதிய சர்வரை ஒருமுறை கிளப்பிவிட்டால் 13-க்குத் திரும்ப பேக்கப்பை விட்டால் வழியில்லை. அந்த பேக்கப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்துவிட்டுத் தொடங்கு. மாறிய கையோடு, டேபிள்களின் புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் அனலைஸ் ஓட்டு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை எல்லாம் ஆமை வேகத்தில் நகரும்.

எக்ஸ்டென்ஷன் பட்டியலை அனுப்பு, ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம். சனி இரவு விழித்திருப்பேன், எத்தனை மணியானாலும் கூப்பிடு.

அன்புடன்,
ரவி