டெமோ வீடியோ வெளியிடும் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் அறிமுக விழாக்களைக் கண் விழித்துப் பார்த்து, அதை நம்பிக் காசு கொடுக்கிற கூட்டத்தில் நானும் இருக்கிறேன். டெமோ என்றால் கொஞ்சம் பூச்சு இருக்கும், தெரியும். காத்திருக்கும் நேரத்தை வெட்டுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் ஒத்திகை பாருங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. நடக்காததை நடந்ததாகக் காட்டுவதுதான் பிரச்சினை.

2023 டிசம்பரில், ஜெமினி என்ற தன் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மென்பொருளுக்கு கூகுள் வெளியிட்ட வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாத்து வரைகிறார், கையை ஆட்டுகிறார், ஜெமினி கூடவே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் உடனுக்குடன் பேசுகிறது. அசந்துபோனோம். அப்புறம்தான் தெரிந்தது, அது வீடியோவைப் பார்க்கவும் இல்லை, குரலைக் கேட்கவும் இல்லை; ஸ்டில் படங்களைக் கொடுத்து, கேள்வியைத் தட்டச்சு செய்து வாங்கிய பதில்கள் அவை. கல், காகிதம், கத்தரி விளையாட்டைக் கையசைவை வைத்தே கண்டுபிடித்ததாகக் காட்டினார்கள். கூகுளே வெளியிட்ட விளக்கக் கட்டுரையைப் படித்தால், மூன்று கைப் படங்களையும் ஒன்றாக வைத்து, இது ஒரு விளையாட்டு என்று துப்பும் கொடுத்துத்தான் கேட்டிருக்கிறார்கள்! வீடியோவுக்குக் கீழே ஒரு குறிப்பு இருந்தது உண்மைதான்: தாமதத்தைக் குறைத்திருக்கிறோம், பதில்களைச் சுருக்கியிருக்கிறோம் என்று. யாரும் கோபித்துக்கொள்ளாத இரண்டைச் சொல்லிவிட்டு, சொல்லியே ஆக வேண்டியதை விட்டுவிட்டார்கள். இதை வெளிப்படைத்தன்மை என்று கணக்குக் காட்டாதீர்கள்.

ஆப்பிள் செய்தது இன்னும் மோசம் என்பேன். அம்மாவின் விமானம் எப்போது வரும் என்று கேட்டால், மின்னஞ்சலைத் துழாவிப் பதில் சொல்லும் புதிய சிரியை (ஐபோனில் இருக்கும் குரல்வழி உதவி மென்பொருள்) 2024 ஜூனில் காட்டினார்கள். செப்டம்பரில் ஐபோன் 16 விற்பனைக்கு வந்தபோது, அந்தப் புதிய சிரியை வைத்தே விளம்பரமும் போட்டார்கள். 2025 மார்ச்சில், இன்னும் நாளாகும் என்று அறிவித்து, விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். அதற்குள் போனை வாங்கி ஆறு மாதமானவர்கள் என்ன செய்வார்கள்?

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய முதல் ஐபோனும் அரைவேக்காடுதானே என்பீர்கள். ஆமாம், எதற்குப் பிறகு எதைத் தொட்டால் தொங்கிப்போகாது என்று பார்த்து வைத்திருந்த வரிசையிலேயே ஓட்டினார்கள், சிக்னல் எப்போதும் ஐந்து கோடு காட்டும்படி செய்திருந்தார்கள் என்று அதில் வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொன்னார்கள். சிக்னல் விஷயம் ஏமாற்றுத்தான். ஆனால் ஜூனில் கடைக்கு வந்த போன், மேடையில் காட்டியதைச் செய்தது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. எது உண்மையாக ஓடியது, எது வரைந்து ஒட்டியது என்பதைப் படம் ஓடும்போதே திரையில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். இன்னும் செய்து முடிக்காததை, இன்றைக்கு விற்கிற பொருளின் விளம்பரத்தில் சேர்க்காதீர்கள். விழா முடிந்ததும், காட்டியதை வெளியாள் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்க விடுங்கள். கொடுக்க முடியாதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மேடையில் தொங்கினால் மானம் போய்விடும் என்று பயமா? 1998 ஏப்ரலில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98 டெமோவில் ஸ்கேனரைச் செருகியதும் கணினி முடங்கி, பிழை காட்டும் நீலத்திரை வந்தது. அதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்றார் அவர். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. ஜூனில் விண்டோஸ் 98 கடைக்கு வந்தது, நன்றாகவே விற்றது.