கறுப்பன் பிழைத்துக்கொண்டான்

அன்புள்ள நண்பனுக்கு,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக நீ எழுதியிருந்ததைப் படித்து நிம்மதியானேன். இனி என் கையெழுத்து புரியவில்லை என்று கண்ணைச் சாக்குச் சொல்ல முடியாது. பதில் தாமதமானதற்குக் காரணம் எங்கள் கறுப்பன். எமனைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். உன் வீட்டிலும் ஆண்பூனை இருப்பதால் நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முந்தின இரவுவரை திரைச்சீலையில் தொங்கிக்கொண்டிருந்தவன், காலையில் மண் தட்டில் போய்க் குந்தினான். வெகுநேரம் அப்படியே இருந்தான். வால்நுனி மட்டும் துடித்தது. எழுந்தான், மண்ணை மூடினான், இரண்டடி நடந்து திரும்பிப் போய் மறுபடியும் குந்தினான். மூடிய இடத்தைக் கிளறிப் பார்த்தேன், ஈரமே இல்லை. மலச்சிக்கலாக இருக்கும் என்றாள் மனைவி. அப்போதுதான் ஒரு சத்தம் போட்டான். பசிக்கும் சண்டைக்கும் போடுகிற சத்தங்கள் எங்களுக்குப் பழக்கம். இது அடிவயிற்றிலிருந்து வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டதுமே சொல்லிவிட்டார், சிறுநீர் அடைப்பு என்று. என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். சிறுநீர்ப்பை நிரம்பி, பந்து போல இறுகியிருந்தது. ஆண்பூனையின் சிறுநீர்க்குழாய் நீளமானது, நுனியில் மிகவும் குறுகியது. பொடிப் படிகங்களும் சளியும் திரண்டு அங்கே சிக்கினால் வழி அடைபட்டுவிடும். பெண்பூனைகளுக்கு இது அரிது. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணிப் பலர் ஒரு நாளைக் கடத்திவிடுவார்களாம். முழு அடைப்பென்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகக்கூடும். பை வெடித்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். ஆனால் அதற்கு முன்பே இதயம் நின்றுவிடலாமாம். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏற ஏறத் துடிப்பு தளர்ந்துகொண்டே போகும். நிமிடத்துக்கு 140க்கு மேல் அடிக்க வேண்டிய இதயம் அன்று 100ஐக்கூடத் தொடவில்லை. முதலில் இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி, நரம்பு வழியே திரவம், அதன் பிறகே மயக்கம் கொடுத்து வடிகுழாய் என்றார்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் ஒரு படிவத்தை நீட்டினார்கள். இதயம் நின்றால் மீட்க முயல வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு கேள்வி; பக்கத்தில் இரண்டு கட்டங்கள். அப்பாவுக்காக இதே போன்ற தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது இவ்வளவு சிரமப்படவில்லை, அவர் விருப்பத்தை அவரே பலமுறை சொல்லியிருந்தார். இவன் விருப்பத்தை யாரிடம் கேட்பது? வலியைக்கூட வெளியே காட்டாமல் மறைக்கிற இனம் இது. மனைவிதான் தெளிவாக இருந்தாள். "பிழைக்க வழியிருக்கும்வரை பார்ப்போம். பிழைத்தும் வேதனைதான் என்றால் நிறுத்திவிடலாம்" என்றாள். நான் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் "ஒரே ஒருமுறை முயலுங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

"பூனைதானே, இன்னொன்று வளர்த்துக்கொள்" என்றார் ஒருவர். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்றவர்களைத்தான் தாங்க முடியவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு உண்மையில் உதவியவள் அங்கே பணிசெய்யும் ஒரு பெண். அடைப்பு நீங்கியதும் சிறுநீரகங்கள் கட்டுமீறி நீரை வெளியேற்றுமாம். போகிற அளவுக்கு ஈடாக நரம்பில் ஏற்ற வேண்டும். அதனால் வடிகுழாயில் மாட்டிய பையில் சேரும் சிறுநீரை மில்லிலிட்டர் கணக்கில் குறித்துவைப்பாள். நான் போகும்போதெல்லாம் அந்தத் தாளைக் காட்டுவாள். முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு ரோஜா நிறம், பிறகு மஞ்சள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவும் ரத்தத்தில் இறங்கத் தொடங்கியது. கவலை குறைந்தது என்று சொல்லமாட்டேன்; எதற்கு எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பது தெரிந்தது. இணையத்தில் விடிய விடியத் தேடுவதை அன்றோடு விட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் வேறு கூத்து. கழுத்தில் கூம்புப் பட்டையோடு கதவுநிலை ஒவ்வொன்றிலும் மோதினான். எங்கள் கிழட்டுப் பெண்பூனை அவனைக் கண்டு முதுகை வளைத்துச் சீறினாள். மருத்துவமனை வாடை போகும்வரை அவளுக்கு அவன் அந்நியன்தான். இரண்டு பேரையும் தனித்தனி அறையில் வைத்து, ஒருவர் படுத்த துணியை மற்றவருக்குப் போட்டுப் பழக்கினோம். சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடு. பூனை சில நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும். உணவை வெதுவெதுப்பாக்கி மூக்கருகே காட்டினால் மணத்துக்கு மசிந்துவிடுகிறான்.

ஏன் வந்தது என்று கேட்டேன். பெரும்பாலும் ஒரே காரணம் என்று கையைக் காட்ட முடியாதாம். உடல் பருமன், குறைவாகத் தண்ணீர் குடிப்பது, உலர் தீனி, மனக்கலக்கம் எல்லாம் சேரும். புது ஆள், புதுப் பூனை, இடம் மாறிய நாற்காலி கூடப் போதுமாம். இவ்வளவு நுட்பமான மனம் இருப்பவன் என் செருப்பைக் கடித்துக் குதறுவது ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது ஈர உணவுதான். அறைக்கு அறை தண்ணீர். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மண் தட்டு அதிகம்.

திரும்ப அடைக்கலாம், முதல் சில வாரங்களில் அந்த வாய்ப்பு அதிகம். அடிக்கடி வந்தால் குறுகிய நுனியை நீக்கி வழியை அகலமாக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. அதற்கும் சரி என்று நாங்கள் இருவரும் இப்போதே பேசி முடிவெடுத்துவிட்டோம். படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்க இனி என்னால் ஆகாது.

வலியில் துடிக்கிறதே என்று பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதே. அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, ஒரு மாத்திரையே கொன்றுவிடக்கூடும். உன் பூனை ஒரு நாளைக்கு எத்தனை முறை மண் தட்டுக்குப் போகிறான்? யாருக்குத் தெரியும் என்பாய். கவனித்து எழுது.

நம் சதுரங்கத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். என் குதிரையால் உன் மந்திரியை வெட்டிவிட்டேன். அடுத்த கடிதத்தில் உன் ஆட்டத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்