காலண்டர் தாளில் எழுதி ஒட்டிய சிஸ்டருக்கு

மலேரியாவில் மண்ணீரல் வீங்கிப்போன எங்கள் பையனோடு நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். ஆபரேஷன் இல்லாமல், மண்ணீரலோடு. ரத்தம் கொடுக்க சிம்மக்கல்லிலிருந்தும் ஆரப்பாளையத்திலிருந்தும் ஓடிவந்த தம்பிகள், ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, ஸ்பீடு பிரேக்கர்தோறும் ஆட்டோவை உருட்டியே கொண்டுவந்த அண்ணன், கஞ்சித் தூக்கோடு வந்துபோன உசிலம்பட்டிச் சொந்தங்கள், எல்லாருக்கும் கும்பிடு.

சிஸ்டர், மற்றதெல்லாம் உங்களுக்கு. கிழித்த காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, சிவப்பு ஸ்கெட்ச்சில் 'மண்ணீரல் வீக்கம். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம். ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்கவும்' என்று எழுதி, கட்டில் தலைமாட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினீர்கள். யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை.

மண்ணீரல் சாதாரணமாக 150 கிராம்தான். இடது விலாவுக்குள் ஒளிந்திருக்கும். மலேரியாவில் கிருமி ஏறிய சிவப்பணுக்களை வடிகட்டி வடிகட்டி, சில நாளிலேயே விலாவைத் தாண்டி இறங்கிவிடும். வருடக்கணக்கில் வீங்கினது கெட்டிப்பட்டிருக்கும். முதல் காய்ச்சலில் சட்டென்று வீங்கினதுதான் பயம்: மேலுறை இழுபட்டு மெலிந்திருக்கும். பலத்த இருமல், வாந்தி, முக்கல், அக்கறையாக அழுத்திப் பார்க்கிற ஒரு கை, எதிலும் கிழியலாம். 'வைவாக்ஸ் வகை மலேரியாதானே, லேசானது' என்பவர்களுக்கு ஒன்று: அதிலும் மண்ணீரல் கிழியும்.

"இடது தோள் வலிச்சா தைலம் தேய்க்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க" என்றீர்களே, அந்த ஒரு வார்த்தைதான் அன்று ராத்திரி எங்களை எழுப்பி ஓடவைத்தது. வயிற்றில் கசியும் ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரியும். பிரஷர் இறங்குமுன் நாடி ஏறிவிடும் என்று மணிக்கு நாலு தடவை கை பிடித்துப் பார்த்தீர்கள். முக்கக்கூடாதென்று மலமிளக்கி சிரப்புக்கு டாக்டரிடம் நீங்களே கேட்டு வாங்கினீர்கள். ரத்தம் உறையவைக்கிற தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருக்கும்போது புருஃபென் வலி மாத்திரை கூடாது, பாராசிட்டமால் போதும் என்பதையும் எங்கள் அத்தைக்கு மூன்று தடவை சொன்னீர்கள். அத்தை இப்போது தெருவுக்கே சொல்கிறார்.

ரத்தத்தில் ஜி6பிடி என்சைம் சரியாக இருந்ததால் பிரைமாகுயின் மாத்திரை ஓடுகிறது. 14 நாளில் இன்னும் 6 பாக்கி. காய்ச்சல் விட்டதென்று நிறுத்தமாட்டோம், கல்லீரலில் பதுங்கின கிருமி திரும்ப வரும். மறு ஸ்கேனில் வீக்கம் வடிந்தது தெரியும்வரை மாவு மூட்டையும் கேஸ் சிலிண்டரும் அவன் தொடமாட்டான்.

காலண்டர் தாளைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டோம், கோபிக்காதீர்கள். இப்போது எங்கள் முறுக்குக் கடை சிலிண்டரில் ஒட்டியிருக்கிறது.