உன் சுபாவமும் அந்த மாத்திரையும்

அன்புள்ள மகளுக்கு,

"நான் பிறவியிலேயே இப்படித்தான்பா, மாத்திரை என்னத்த மாத்திடும்?" என்று கேட்டாயே, அதற்குப் போனில் பதில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எதற்கெடுத்தாலும் கவலைப்படும் சுபாவக்காரர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கிறது என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் சோர்ந்து கிடப்பவரிடம் போய் அவர் குணத்தைக் கேட்டால், பயமும் கூச்சமும் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். நோய் தணிந்தபின் அதே கேள்விகளுக்குப் பதில் மாறிவிடுகிறது. நீ 'பிறவிக் குணம்' என்பதில் உன் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று இன்றைக்கு யாராலும் பிரிக்க முடியாது. பத்து வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்து நாடகம் போட்டவள் நீ.

2009இல் வந்த ஓர் ஆய்வில் மனச்சோர்வு உள்ள சிலருக்கு பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்வு ஒரே அளவு குறைந்தவர்களை ஒப்பிட்டபோதும், மருந்து எடுத்தவர்களிடம்தான் கவலைச் சுபாவம் அதிகமாகத் தணிந்திருந்தது, கலகலப்பும் கூடியிருந்தது. அப்போ நான் வேறு ஆளாகிவிடுவேனா என்று உடனே கேட்பாய். மாட்டாய். சிலருக்குச் சிரிப்பும் வராமல் அழுகையும் வராமல் உணர்ச்சி மரத்துப்போவதுண்டு. அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல். அளவைக் குறைப்பார், இல்லை மருந்தையே மாற்றுவார்.

எனக்குப் பயம் உன் கவலைச் சுபாவத்தைப் பற்றியல்ல. எழுத்து ஒன்று கோணினால் தாள் கிழியும்வரை ரப்பரால் அழிப்பாயே, அந்தப் பிடிவாதம்தான். எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மாத்திரையானாலும் மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சையானாலும் பலன் குறைகிறது என்று 1995இலேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நீயோ முதல் வாரத்திலேயே டைரியில் மாத்திரைக்கு மார்க் போட ஆரம்பித்துவிட்டாய்! குமட்டலும் தூக்கக் குறைவும் முதலில் வரலாம். நல்லது தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மனச்சோர்வு உள்ள சுமார் 4,000 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஸ்டார்-டி என்ற ஆய்வில் முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களில் பலர் மருந்தை மாற்றியோ இன்னொன்றைச் சேர்த்தோ தேறினார்கள். முதல் மருந்து கேட்கவில்லை என்றால் நீ தோற்றதாக அர்த்தமில்லை.

அப்புறம், நீயாக மாத்திரையைச் சட்டென நிறுத்தாதே. உன் வயதில், அதாவது 25க்குள், ஆரம்ப வாரங்களில் சிலருக்குச் சாகும் எண்ணம் கூடலாம். வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரையும் என்னையும் கூப்பிடு.

டாக்டர் கேட்டால் "பரவாயில்லை" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்து வருபவள் நீ. இந்த முறை கவலை, தூக்கம், அந்த மார்க் கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடு. நான் கூட வரட்டுமா? சரி என்றால் இன்றே சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா